கறுப்பு கிரானைட் வாங்கப் போகிறீர்களா? ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துப் போங்கள்

சமையல் மேடைக்குக் கல் பதித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எலுமிச்சம்பழத்தை நறுக்கி, பிழிந்த மூடியைக் கல்லின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போன் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்து எடுத்தால் அந்த இடத்தில் வட்டமாக ஒரு சாம்பல் தடம். துடைத்தேன், சோப்பு போட்டுக் கழுவினேன், அசையவில்லை. ஏதோ கறை என்று நினைத்துக்கொண்டு நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். பஞ்சு கன்னங்கரேல் என்று வந்தது. கல்லில் இருந்த தடமோ உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது.

கல்லுக்குப் போய் யாராவது சாயம் அடிப்பார்களா? அடிக்கிறார்கள்.

நாம் கறுப்பு கிரானைட் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. டோலரைட், காப்ரோ மாதிரியான வேறு வகைப் பாறைகள் அவை. வியாபாரத்தில் கெட்டியான கல் எல்லாவற்றுக்கும் கிரானைட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கல் நல்ல கல்தான். சிக்கல் நிறத்தில். ஒரே குவாரியில்கூட ஒரு பக்கம் மைக்கறுப்பாகவும் இன்னொரு பக்கம் சாம்பல் கலந்தும் வரும். மைக்கறுப்புக்குத்தான் கிராக்கி. அதனால் சாம்பல் கல்லை பாலிஷ் போட்டு, சாயமும் எண்ணெயும் ஏற்றி, அதே வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். கடை வெளிச்சத்தில் முகம் பார்க்கலாம், அப்படி இருக்கும்.

கடைக்குப் போன் செய்தேன். "மேடம், நேச்சுரல் ஸ்டோன்னா அப்படித்தான். சீலர் அடிக்காம விட்டுட்டீங்க, அதான்" என்றார். தப்பு என் மேல் வந்துவிட்டது! அடுத்த நாளே ஆள் அனுப்பி சீலர் அடித்துக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு. இந்த மாதிரிக் கரும் கற்கள் மிக அடர்த்தியானவை, சீலரைச் சரியாக உறிஞ்சுவதே இல்லை. மேலாகத் தங்கி மங்கலாகக் காய்ந்ததுதான் மிச்சம். சீலர் என்பது எண்ணெய், தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கிற சமாச்சாரம். மேலே பூசிய சாயத்தை அது எப்படிக் காப்பாற்றும்? இதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை, கேட்டிருந்தாலும் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

ஆதாரம் என் வீட்டிலேயே கிடந்தது. சிங்க் வைப்பதற்காக வெட்டி எடுத்த துண்டை வேலையாட்கள் பின்வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெட்டுப்பட்ட பக்கத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். ஈரமானால் கல் தன் அசல் நிறத்தைக் கிட்டத்தட்டக் காட்டிவிடும். முழுக்கச் சாம்பல், ஊடே வெளிர்ப் புள்ளிகள். மேல் விளிம்பில் மட்டும் பேனாவால் கோடு இழுத்த மாதிரி கறுப்பு.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரு துண்டு கேளுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் அதே ஸ்லாபின் ஓரத்திலிருந்து வேண்டும், மேசை மேல் அழகாக அடுக்கி வைத்திருக்கும் சாம்பிள் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து நன்றாக அழுத்தித் தேயுங்கள். சாயம் ஏற்றாத கல்லில் துணி வெள்ளையாகவே இருக்கும். எலுமிச்சைச் சாற்றை ஒரு இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். துண்டு தர மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இன்னொரு பக்கத்து மேடைக்கு வேறு கல் தேடியபோது இதே வித்தையை வேறு வேடத்தில் பார்த்தேன். வெள்ளையில் சாம்பல் நரம்போடிய ஒரு ஸ்லாபைக் காட்டி, "இது சாஃப்ட் குவார்ட்சைட், மார்பிள் மாதிரி இருக்கும், ஆனா கறை பிடிக்காது" என்றார் ஒருவர். குவார்ட்சைட் என்பது இயற்கையில் கிடைக்கும் மிகக் கெட்டியான கல், அதில் மென்மையான ரகம் என்று ஒன்று கிடையாது. எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதன் கடினம் 7, மார்பிளுக்கு 3தான். கண்ணாடி இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 5.5. பாலிஷ் இல்லாத முனையால் ஒரு பழைய பாட்டிலைக் கீறச் சொன்னேன். பாட்டிலில் கீறல் விழவில்லை, கல்தான் மாவாக உதிர்ந்தது. மார்பிளில் புளிப்பு பட்டால் பளபளப்பு அரித்துப் போகும். எந்த சீலரும் அதைத் தடுக்காது. தெரிந்து வாங்கினால் மார்பிள் அழகுதான், வேறு பெயரில் வாங்கினால் தினமும் அழவேண்டும்.

குவார்ட்ஸ் என்று விற்பது இந்த இரண்டிலும் சேராது. அது குவார்ட்ஸ் தூளையும், பிளாஸ்டிக் மாதிரி இறுகும் பசையான ரெசினையும் சேர்த்து ஆலையில் செய்வது. கறை விஷயத்தில் நிம்மதி. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேராக வைத்தால் ரெசின் கருகிப் பழுப்பு வட்டம் விழும். விற்பவர் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான், என்னிடம் யாரும் சொல்லவில்லை.

என் மேடைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, அடுப்பை அணைத்து, இரண்டு நாள் அசிட்டோனால் துடைத்து மொத்தச் சாயத்தையும் நானே எடுத்துவிட்டேன். இப்போது ஒரே சீரான சாம்பல். எலுமிச்சை, வினிகர், எது பட்டாலும் சலனமே இல்லை. இந்த நிறத்திலேயே காட்டியிருந்தால் இதையே வாங்கியிருப்பேன், கொஞ்சம் குறைவான விலைக்கு. பணம் எதுவும் திரும்பவில்லை. பில்லில் 'கறுப்பு கிரானைட்' என்று இரண்டே வார்த்தை, சாயம் ஏற்றாத கல் என்று எங்கேயும் எழுதி வாங்கவில்லை.

கல் பதித்த பையனைப் போன வாரம் வேறு வேலைக்குக் கூப்பிட்டிருந்தேன். மேடையைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எலுமிச்சம்பழம் படாம பாத்துக்கங்கன்னு அன்னைக்கே சொன்னேனேக்கா" என்றான். சொல்லியிருந்தான். நான்தான் ஏதோ சுத்தத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.