வாளையாறு தாண்ட: பறக்கும் டாக்சியா, மெமு ரயிலா?

பாலக்காட்டில் விமான நிலையம் கிடையாது. எங்களுக்குப் பக்கம் கோவை பீளமேடுதான், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மின்சாரத்தில் செங்குத்தாக எழும் டாக்சி வந்தால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஜோபி என்ற அமெரிக்க நிறுவனத்தின் அப்படிப்பட்ட ஊர்தி மணிக்கு 320 கிலோமீட்டர் வரை பறக்கும். ஆனால் பைலட் போக நாலு பேர்தான் உட்காரலாம். மெமு என்ற மின்சாரப் பயணிகள் ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றுகொண்டாவது போகிறார்கள், அதுவும் இரண்டு டீக் காசில்.

பறக்கும் டாக்சி பற்றி 2018இல் நாசா வெளியிட்ட ஆய்வுகளே கட்டணம், சத்தம், வானிலை, இறங்குதளம் எல்லாவற்றையும் சிக்கல்களாகச் சொன்னவை. இறங்குதளத்துக்கு நம் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ 2024இல் வழிகாட்டுதல் தந்துவிட்டது, சரி. மலைகளுக்கு நடுவே பாயும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு யார் வழிகாட்டுவது? பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது சும்மாவா? ஆனி, ஆடியில் குடையே நிற்காது.

ரயிலுக்கும் தலைவலி உண்டு. வழியில் கேரள-தமிழக எல்லையிலுள்ள வாளையாறு காட்டில் யானை தண்டவாளம் கடக்கும். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், குறைக்கட்டும்.

அவசர நோயாளிக்கு வேண்டுமானால் டாக்சி பறக்கட்டும். எனக்கு மெமு போதும். அப்புறம், கோவை ஜங்ஷனில் இறங்கி விமான நிலையம் போகும் அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீட்டர்தான் உயிரை எடுக்கிறது.