கடைவாய்ப் பல் போன இடத்தில் எதைக் கட்டுவது: பிரிட்ஜ், இம்ப்ளான்ட், கழற்றி மாட்டும் பல்

கீழ்வரிசையின் முதல் பெரிய கடைவாய்ப் பல், அதிகம் பிடுங்கப்படும் பற்களில் ஒன்று. அந்த இடத்தை நிரப்பப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலையை. பார்க்க வேண்டியதோ, இருபக்கமும் நிற்கும் பற்களை.

பிரிட்ஜ் என்பது அந்த இரண்டின் மேலும் கேப் மாட்டி, நடுவில் செயற்கைப் பல்லைச் சேர்த்த ஒரே துண்டு. அந்த இரண்டும் சொத்தையில்லாத முழுப் பற்கள் என்றால் பிரிட்ஜ் வேண்டாம். அதற்காக அவற்றைச் சுற்றிலும் 1 மி.மீ.க்கு மேல் அராவுவார்கள். போன எனாமல் திரும்பாது. ரூட் கெனால் செய்து எப்படியும் கேப் போட வேண்டிய பற்கள் என்றால் கணக்கு மாறும். பிரிட்ஜ் வேலை ஒன்றிரண்டு வாரத்தில் முடியும், அறுவை கிடையாது.

பிரிட்ஜ் உடைந்து கெடுவது குறைவு. தாங்கும் பல்லில், கேப் விளிம்புக்குக் கீழே சொத்தை விழுந்துதான் பெரும்பாலும் கெடுகிறது. மூன்று பல்லும் ஒரே துண்டு என்பதால் பல்லிடுக்கைத் துடைக்கும் சாதாரண நூல் (ஃப்ளாஸ்) மேலிருந்து இறங்காது. முனை விறைப்பான சூப்பர் ஃப்ளாஸையோ இடைப்பல் பிரஷையோ பக்கவாட்டில் நுழைத்து, நடுப் பல்லின் அடியைத் தினமும் துடைக்க வேண்டும். இன்னொரு வில்லங்கம், ஒரு பக்கத்து சிமென்ட் மட்டும் விட்டுப்போவது. மறுபக்கம் பிடித்திருப்பதால் பிரிட்ஜ் கழன்று வராது. உள்ளே பல் அரித்துக்கொண்டே போகும். ரூட் கெனால் செய்த பல் என்றால் வலியும் தெரியாது. கெட்ட வாடை, விரலால் அழுத்தினால் விளிம்பில் எச்சில் குமிழி: இவைதான் அறிகுறி.

இம்ப்ளான்ட் பக்கத்துப் பற்களைத் தொடாது. எலும்புக்குள் டைட்டானியம் திருகு, அதன்மேல் இணைப்புத் துண்டு, அதற்கு மேல் கேப். கீழ்த்தாடையில் திருகு எலும்போடு சேர ஏறத்தாழ 3 மாதம். மேல்தாடையில் பெரும்பாலும் இன்னும் கூடுதல். 1965-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆராய்ச்சியாளர் பிரானமார்க் முதல் நோயாளிக்குப் பொருத்தியவை 40 ஆண்டு தாண்டியும் நின்றன. அதற்காக இது போட்டுவிட்டு மறந்துவிடும் சமாச்சாரம் அல்ல.

அதிகம் கேட்கும் புகார், கேப்புக்கும் அதற்கு முன்னால் நிற்கும் பல்லுக்கும் நடுவே சாப்பாடு மாட்டுவது. இயற்கைப் பற்கள் வருடக்கணக்கில் மெல்ல நகரும், இம்ப்ளான்ட் நகராது; இடுக்கு விழுந்து, கீரை நாரும் கறியும் சிக்கும். திருகி மாட்டும் கேப் என்றால் கழற்றி, லேபில் பக்கவாட்டை நிரப்பி மறுபடி மாட்டலாம். சிமென்டில் ஒட்டியதைப் பல சமயம் வெட்டித்தான் எடுக்க முடியும். ஈறுக்கடியில் சிமென்ட் துணுக்கு தங்கினால் வீக்கமும் வரும். ஆகவே இம்ப்ளான்ட் நிற்கும் கோணம் இடம் கொடுத்தால் திருகு வகையைக் கேட்டு வாங்குங்கள். கேப் லேசாக ஆடினால் அந்தப் பக்கம் மெல்லாமல் உடனே போய் இறுக்கிக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் உள்திருகு முறியும். இம்ப்ளான்டின் கம்பெனி பெயர், விட்டம், நீளம் எழுதிய அட்டை அப்போது கையில் இருந்தால் பாதி வேலை மிச்சம். பிரஷ் படும்போது ரத்தம் வந்தால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது; எலும்பு கரைவது பெரும்பாலும் வலிக்காமலேதான் நடக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் சிகரெட்டும் இந்த ஆபத்தைக் கூட்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்குக் கழற்றி மாட்டும் பல் செலவு குறைவுதான், ஆனால் பலரிடம் அது டப்பாவிலேயே கிடக்கிறது. வளையும் நைலான் வகை பார்க்க அழகு. ஈறு வற்றித் தளர்ந்தால் அடியில் பூசிச் சரிசெய்வது கடினம். கம்பிப் பிடி இல்லாத சின்னத் துண்டு தொண்டைக்குள் போகக்கூடும், வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் போட்டால் கோணிவிடும்.

எதுவும் கட்டாமல் விடலாமா? கடைசிப் பல் என்றால், எதிர்ப்பல்லைப் பொறுத்து, பலருக்குச் சமாளிக்கும். நடுவில் விழுந்த இடைவெளி அப்படியல்ல. பின்பல் முன்னால் சாயும், மேல்பல் கீழே இறங்கும், எலும்பு அகலத்தில் பாதி வரை முதல் வருடத்திலேயே வற்றக்கூடும். அதன்பிறகு இம்ப்ளான்ட் என்றால் எலும்புத்தூள் வைக்க வேண்டிவரலாம். கேப்புக்கு உயரம் போதாமல் மேல்பல்லையும் அராவ வேண்டிவரலாம்.