டிஸ்க்மேனுக்கும் ஓடிபி கேட்கிறார்கள்

"இது ஓடலை, கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்பதற்கே இந்திய மொபைல் நம்பர் வேண்டும் என்று இந்தத் தடவை சென்னைக்குப் போனபோதுதான் தெரிந்தது. பெரிய சர்வீஸ் சென்டர், பெயர் வேண்டாம். ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன் மெஷின், சோபா எல்லாம் உண்டு. என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண் என் கையிலிருந்த டிஸ்க்மேனை, அதாவது கையடக்க சி.டி. பிளேயரை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொபைல் நம்பர் சொல்லுங்க சார்." சொன்னேன். டொராண்டோ நம்பர், 647-ல் தொடங்கும். நம்மூர் நம்பர் மாதிரியே பத்து இலக்கம், முதல் இலக்கமும் 6. கம்ப்யூட்டர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு ஓடிபியை அனுப்பிவிட்டது. இந்தியாவில் எந்த மூலையில் இருக்கும் யாருக்குப் போனதோ, பாவம்.

அப்பாவின் நம்பரைக் கொடுக்கலாமென்றால் அவரிடம் லேண்ட்லைன் மட்டும்தான். "லேண்ட்லைன் எடுக்காது சார்." சரி, அத்தை பையனைக் கூப்பிட்டேன். அவன் மீட்டிங்கில் இருந்தான். வெளியே வந்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பி, மறுபடி படித்து, ஒருவழியாக உள்ளே போனால் மாடல் பட்டியலில் டிஸ்க்மேன் என்று ஒரு வரியே கிடையாது. "இந்த மாடல் சிஸ்டத்துல இல்ல சார். புளூடூத் ஸ்பீக்கர் பார்க்கறீங்களா? ஆஃபர் இருக்கு." இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அத்தை பையன் நிம்மதியாக மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பான்.

டொராண்டோவிலும் இதேதான் என்று சொல்வீர்கள். அதேதான். அங்கே கடைக்காரர் பொருளைத் தொடாமலேயே "புதுசு வாங்கிக்கோங்க" என்பார். ஆனால் அதை ஒரு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடுவார், யார் போனுக்கும் மெசேஜ் போகாது. நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் அவ்வப்போது ரிப்பேர் கஃபே நடத்துகிறார்கள், தன்னார்வலர்கள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்காருவார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டும். நம்மூரில் அப்படிக் காத்திருந்த ஞாபகமே இல்லையே! ரேடியோவோ டேப்ரெக்கார்டரோ, தெருமுனையில் ஒருவர் இருப்பார், சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொல்வார்.

அந்த டிஸ்க்மேன் நான் 2002-ல் டொராண்டோவிலிருந்து அப்பாவுக்கு வாங்கி வந்தது. எங்கள் போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தாலும் அப்பாவுக்குப் பிடிக்காது, நடுவில் யாராவது கூப்பிடுகிறார்களாம். 1964-ல் மறைந்துபோன காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் அவருக்கு இன்னமும் மாலை நாலு மணிக் காபியோடு வந்தாக வேண்டும். கொஞ்ச நாளாக முதல் உருப்படி ஒழுங்காகப் பாடி, போகப் போக டிக் டிக்கென்று ஒரே இடத்தில் நின்று, அப்புறம் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்று காட்ட ஆரம்பித்துவிட்டது. "டேய், உள்ளதான இருக்கு, இல்லைங்கறான் பாரு" என்று அதை ஒரு ஆளாகவே பாவித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அந்தத் தெருவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்க இடமில்லாததும், "என்ன வேணும் சார்" என்று கையைப் பிடிக்காத குறையாக இழுப்பதும் அப்படியே இருக்கின்றன. ஆனால் டிஸ்க்மேன் என்றதும் முக்கால்வாசிப் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு மேசையைக் கைகாட்டினான்.

அங்கே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியில் விளக்கு. பொருளை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன டிஸ்க் போட்டீங்க? கம்பெனி டிஸ்க்கா, வீட்ல பர்ன் பண்ணதா?" கடையில் வாங்கியது, வீட்டில் எழுதியது, இரண்டையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். கம்பெனி டிஸ்க் இரண்டு தடவை முக்கி முனகிவிட்டுப் பாடியது. எழுதிய டிஸ்க் அசையவே இல்லை. "அது வெளிச்சத்தைக் கம்மியாத்தான் திருப்பி அனுப்பும் சார். லென்ஸ் மங்கினா முதல்ல அதுதான் நிக்கும்." பொருளைத் திறக்கும் முன்பே பாதி வைத்தியம் முடிந்துவிட்டது.

அடுத்து மூடியைத் திறந்து வைத்து, மூடி அழுத்த வேண்டிய குட்டி சுவிட்சைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தினார். திறந்திருக்கும்போது லேசர் எரியக்கூடாது என்பதற்காக வைத்த சுவிட்ச் அது. டிஸ்க் இல்லாமலேயே லென்ஸ் மேலும் கீழுமாகத் தலையாட்டியது. "தேடுது பாருங்க. லென்ஸை ஆட்டுற காயில் உயிரோட இருக்கு. நேரா குனிஞ்சு பார்க்காதீங்க, பக்கவாட்டுல பாருங்க." ஓரத்திலிருந்து பார்த்தால் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி. பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, கண்ணில் மை இடும் பதமாக லென்ஸைத் துடைத்தார். எழுதிய டிஸ்க்கும் சுழல ஆரம்பித்தது.

அத்தோடு காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அவரோ கடைசிப் பாட்டுக்குத் தாவினார். டிக் டிக். சி.டி. உள்ளிருந்து வெளியே போகும், இசைத்தட்டுக்கு நேர் எதிர். அதனால் கடைசிப் பாட்டு என்றால் லென்ஸ் ஓரம்வரை நகர வேண்டும். அது நகரும் தண்டில் இருபது வருட கிரீஸ் கோந்தாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, ஊசி முனையளவு புது வெள்ளை கிரீஸ் வைத்தார். பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து, "அந்த பிரீசெட்டைக் கொஞ்சம் திருகி விடுங்கண்ணே, சூப்பரா எடுக்கும்" என்றான். லேசருக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகுதான் பிரீசெட். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "திருகினா இன்னைக்குப் பாடும். லேசருக்குக் கரண்ட் ஏத்தினா அது எத்தனை நாள் தாங்கும்? புது லென்ஸுக்கு நீ எங்க போவே?" பையன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

நான் கேட்காத வேலையையும் செய்தார். ஹெட்போன் பின்னைச் சொருகி ஆட்டிப் பார்த்து, "இடது பக்கம் வரலையே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஜாக்கின் காலில் ஈயம் விட்டுப்போயிருந்தது, ஒரு பொட்டு வைத்தார். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது: மனிதர் இத்தனை நாளாகத் தன் இடது காதுதான் போய்விட்டது என்று நினைத்து, காது டாக்டரிடம் போக எங்களுக்குத் தெரியாமல் பணம் எடுத்து வைத்திருக்கிறார்.

கூலி 300 ரூபாய், ஐந்து டாலர்கூட இல்லை. எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. 500 ரூபாய் நோட்டை நீட்டினால், "யூ.பி.ஐ. பண்ணுங்க சார், சில்லறை இல்லை." என்னிடம் யூ.பி.ஐ. இல்லை. டீக்கடை, செல்போன் கவர் கடை, கேபிள் கடை என்று ஏறி இறங்கினேன், ஒருவரிடமும் சில்லறை இல்லை. முன்பெல்லாம் இதே தெருவில் கார்டை நீட்டினால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், இப்போது நோட்டை நீட்டினால் சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு 4.5 வோல்ட் அடாப்டரையும் வாங்கிக்கொள்வதென்று கணக்குத் தீர்ந்தது.

அடாப்டர் தேவைதான். பெட்டியோடு வந்த பழையதை அப்பா பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்தியிருந்தார், நல்லவேளை. அதில் இன்புட் 120 வோல்ட் என்று இருக்கிறது. நம்மூர் 230-ல் சொருகியிருந்தால் புகைதான். எதிர்க்கடையில் "5 வோல்ட் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். மேசைக்காரர் கேட்கவில்லை. வோல்ட்டை மாற்றும் சுவிட்ச் வைத்த அடாப்டர் ஒன்றை வரவழைத்து, 4.5-ல் நிறுத்தி, பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்று மீட்டர் வைத்துப் பார்த்து, சுவிட்ச் நகராதபடி மேலே டேப் ஒட்டிக் கொடுத்தார். பில் கேட்டேன். பில்லா என்பதுபோல் பார்த்தார். விட்டுவிட்டேன்.

இப்போது காருகுறிச்சி இரண்டு காதிலும் வாசிக்கிறார். பிளாட்பாரத்தில் வாங்கிய எம்.பி. 3 டிஸ்க்குகள் மட்டும் ஓடாது, இந்த மாடலுக்கு அது தெரியாது. அதற்கு டி.வி.டி. பிளேயர் போதும் என்றார் மேசைக்காரர். பரணில் ஒன்று இருக்கிறது, ரிமோட்டைத்தான் காணோம். ரிச்சி தெருவுக்கு இனி அத்தை பையன்தான் போக வேண்டும். அவனிடம் யூ.பி.ஐ.யாவது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்கிறான், அன்றைக்குத்தான் அங்கே முக்கால்வாசிக் கடை திறக்காது.