பொத்தி வைத்தால் கெடும் கார்: ஆர்எக்ஸ்-7 உடன் 11 வருடம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஆர்எக்ஸ் என்றால் ஆர்எக்ஸ் 100 தான். 2013ல் மெல்பர்னிலிருந்து கோவைக்கு ஃபோன் போட்டு, ஆர்எக்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்றதும் அப்பா கேட்டார்: "அங்கெல்லாம் டூ ஸ்ட்ரோக்க ஓட்ட உடறாங்களா கண்ணு?" பைக் இல்லை, கார் என்று விளக்க வேண்டியதாயிற்று. ஆனால் அவர் கேட்டதிலும் பெரிய தப்பில்லை. இதுவும் பெட்ரோலோடு சேர்த்து ஆயிலையும் எரிக்கிற வண்டிதான். இன்றைக்கும் டேங்க் நிரப்பும்போது 20 லிட்டருக்கு 100 மில்லி கணக்கில் 2டி ஆயில் ஊற்றுகிறேன். பங்கில் நிற்கும் இளவட்டங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கார், 1984 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7. முதல் தலைமுறை, இங்கே சீரிஸ் 3 என்பார்கள். 12ஏ ரோட்டரி எஞ்சின், 1146 சிசி, 5 கியர், பவர் ஸ்டியரிங் கிடையாது. வாங்கும்போது மீட்டர் 1,62,000 காட்டியது, இப்போது 2,03,000 தாண்டிவிட்டது. 11 வருடத்துக்கு 41,000 கிலோமீட்டர் என்பது குறைவுதான். காரணம், இது கிளப் பெர்மிட்டில் ஓடும் கார். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 25 வயது தாண்டிய வண்டியை ஒரு கார் கிளப்பில் சேர்ந்து இப்படிப் பதிவு செய்யலாம். வருடத்துக்கு 45 நாள் அல்லது 90 நாள். வண்டியை எடுக்குமுன் லாக்புக்கில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 90 நாள் போதாது என்று முதல் வருடம் நினைத்தேன். போதும்.

ரோட்டரி எஞ்சின் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இட்லித் தட்டைத்தான் காட்டுவேன். தட்டுகளை அடுக்கி நடுவில் ஒரு கம்பி கோத்திருக்கும் அல்லவா, அதைப் படுக்கவைத்தால் கிட்டத்தட்ட இதுதான். இரும்புத் தட்டு, அறை, இரும்புத் தட்டு, அறை, இரும்புத் தட்டு. ஒவ்வொரு அறைக்குள்ளும் உப்பிய சமோசா மாதிரி ஒரு ரோட்டர். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றும். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் 7000 என்று காட்டும்போது ரோட்டர் சுற்றுவது நிமிடத்துக்கு 2300 சொச்சம்தான். மேலும் கீழும் போய்வர எதுவும் இல்லாததால் உதறலும் இல்லை. என் மகள் சின்னவளாக இருந்தபோது "அப்பாவோட மிக்ஸி கார்" என்பாள். சரியான பெயர்.

சூட்சுமமெல்லாம் ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீலில் இருக்கிறது. ஏபெக்ஸ் சீல், அதாவது வாயு கசியாமல் அடைக்கும் பட்டை. 12ஏவில் 3 மில்லிமீட்டர் தடிமன். அறைச் சுவரை ஒட்டிக்கொண்டே ஓட வேண்டும், அதே நேரம் சுவரைக் கீறவும் கூடாது. இந்த எஞ்சினின் கஷ்டம் அத்தனையும் அந்தப் பட்டையில்தான்.

காலையில் கிளப்புவது ஒரு சடங்கு. சோக்கை இழு, சாவியைத் திருப்பு, பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளு, வெப்ப முள் அசையும்வரை 3000க்கு மேலே போகாதே. ஸ்டார்ட் செய்துவிட்டால் சூடாகும்வரை அணைக்கவே கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார் கழுவலாம் என்று கராஜிலிருந்து வாசல்வரை நகர்த்தி அணைத்துவிட்டேன். பத்தடி தூரம்தான். அப்புறம் கிளம்பவே இல்லை. எரியாத பெட்ரோல் சுவரில் இருந்த ஆயில் படலத்தைக் கழுவிவிட, சீலுக்குப் பிடிமானம் போய்விட்டது. ரோட்டருக்கு இரண்டு வீதம் நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து, துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, மறுபடி மாட்டிச் சுற்றினால் ஒருவழியாகப் பிடித்தது. பிடித்த வேகத்தில் தெரு முழுக்கப் புகை, கார்ப்பரேஷன் கொசு மருந்து வண்டி போன மாதிரி. எதிர்வீட்டு அம்மா தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்துவிட்டார்.

பெரிய தப்பு அது இல்லை. முதல் மூன்று வருடம் இந்தக் காரை நான் பயந்து பயந்து ஓட்டினேன். பழைய கார், பாவம், ரோட்டரி வேறு, சீக்கிரம் போய்விடும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். 3500 தாண்டமாட்டேன். கோயில் மாட்டை நடத்திக்கொண்டு போவது போல ஓட்டினேன். 2016 கடைசியில் காலை ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வர ஆரம்பித்தது, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று விலைப்பட்டியல் கொடுத்தார்கள். பிஸ்டன் எஞ்சினுக்கு மேலே மூடி மாதிரி இருப்பதுதான் ஹெட். இந்த எஞ்சினுக்கு ஹெட்டே கிடையாது. தலை இல்லாதவனுக்குத் தலைவலி மாத்திரை எழுதிக் கொடுத்த கதை. பார்த்த கட்டணம் என்று 180 டாலர் வாங்கிக்கொண்டார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் கிளப் ஆட்கள் சொல்லி டாண்டிநாங் பக்கம் ஒரு கிழவரிடம் போனேன். ரோட்டரி மட்டும்தான் பார்ப்பார். அவர் காரைப் பார்க்கவில்லை, கேட்டார். ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். துளையிலிருந்து பஃப், பஃப், பஃப் என்று மூச்சு விடும். ரோட்டருக்கு மூன்று பக்கம், ஆகவே மூன்று மூச்சு. மூன்றும் ஒரே மாதிரி கேட்டால் நல்லது. ஒரு மூச்சு வரவே இல்லையென்றால் அந்தப் பக்கத்துச் சீல் ஏதோ போச்சு. என் காரின் முன் ரோட்டர் பஃப், பஃப், பு என்றது. கூலன்ட் சீலும் போயிருந்தது. கழற்றிக் கட்ட வேண்டும் என்றார். அந்தப் பணத்தில் ஓடுகிற நிலையில் ஒரு டொயோட்டா வாங்கியிருக்கலாம்.

2017 பிப்ரவரியில் எஞ்சினைப் பிரித்தபோது அப்பா இங்கே வந்திருந்தார். 40 வருடம் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். சும்மா பார்க்கலாம் என்று கூட்டிப்போனேன். இருவருக்கும் பொது மொழி கிடையாது. கிழவர் ரோட்டரை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். சீல் போகும் பள்ளங்களில் கரி அடைத்து, சில சீல்கள் அசையவே இல்லை. கிழவர் என் பக்கம் திரும்பி, இதை யார் ஓட்டினது, சர்ச்சுக்குப் போகிற பாட்டியா என்றார். நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் கொடுத்த மருந்து எளிது: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, எடுக்கும் ஒவ்வொரு நாளும் ஒருமுறையாவது சுற்று மீட்டரின் சிவப்புக் கோடுவரை ஓட்டு. கரி எரிந்து வெளியே போகும். பிஸ்டன் கார் வைத்திருப்பவர் செல்லம் கொடுத்தால் அது நீடிக்கும், இது செல்லத்தில்தான் கெடும்.

அப்பா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அறையின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வட்டமும் இல்லை, முட்டையும் இல்லை, நடுவில் லேசாக இடுப்பு வைத்த வடிவம், உள்ளே குரோமியம் பூச்சு. கட்டைவிரல் நகத்தால் சுவரை மெதுவாக ஒரு சுற்று தடவினார். எங்கேயாவது நகம் தட்டுகிறதா என்று பார்க்கிறார். பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். டாண்டிநாங் கிழவரும் ஐந்து நிமிடம் முன்பு அதையேதான் செய்திருந்தார். கடைசியில் அப்பா கேட்டார்: "இத எந்த லேத்துல கடஞ்சாங்க? நம்ம லேத்துல வட்டந்தான வரும்."

நகத்தால் தடவியதற்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் என்எஸ்யு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய இந்த எஞ்சின் முதலில் ஓடியது 1957ல். (அந்த மனிதருக்குக் கிட்டப்பார்வை, கடைசிவரை டிரைவிங் லைசென்ஸ் எடுக்கவில்லை. நாங்கள் இவ்வளவு ஆசையாக ஓட்டுகிறோம்.) 1961ல் உரிமம் வாங்கிய ஹிரோஷிமாவின் மஸ்டா, எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் உள்சுவரில் அலை அலையாகக் கீறல். பேயின் நகக் கீறல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைச் சுரண்டியிருந்தது. கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதற்காகவே உட்கார்ந்தது. கரியையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல் வந்த பிறகுதான் 1967ல் காஸ்மோ ஸ்போர்ட் ரோட்டுக்கு வந்தது. என் கார் அந்த வம்சத்தில் பிறந்தது. 1978ல் தொடங்கிய ஆர்எக்ஸ்-7 வரிசை 2002வரை மூன்று தலைமுறை ஓடி, மொத்தம் 8 லட்சத்துக்கும் மேல் விற்றது.

2019ல் குடும்பத்தோடு ஜப்பான் போனபோது ஹிரோஷிமாவில் ஒரு நாள் எனக்கு மட்டும் என்று பேரம் பேசி வாங்கினேன். மஸ்டா அருங்காட்சியகத்தில் 787பி நிற்கிறது. 1991ல் 24 மணி நேர லெ மான் பந்தயத்தை ஜெயித்த, ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55ஆம் எண் கார். நாலு ரோட்டர். கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் காரைவிட்டு இறங்கியதும் சுருண்டு விழுந்து, பரிசு மேடைக்கே ஏற முடியவில்லை. ஜெயித்த பொறாமையில் ரோட்டரியைத் தடை செய்துவிட்டார்கள் என்று நம் கூட்டத்தில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதிமாற்றம் அந்தப் பந்தயத்துக்கு முன்பே முடிவானது.

ஆஸ்திரேலியாவில் இந்தக் காருக்கு இவ்வளவு பேர் உயிரை விடுவதற்கும் பந்தயம்தான் காரணம். ஆலன் மொஃபட் 1983ல் ஆர்எக்ஸ்-7ல்தான் இங்கத்திய டூரிங் கார் சாம்பியன் ஆனார். வி8 எஞ்சினைச் சாமி மாதிரி கும்பிடுகிற நாட்டில் மிக்ஸி சத்தத்தோடு வந்து ஜெயித்தால் மறப்பார்களா? பெட்ரோல் போட நின்றால் யாராவது வந்து நிற்பார்கள். "என் முதல் கார்" என்பார்கள், அல்லது "எங்கள் அண்ணன் வைத்திருந்தான்". யாரும் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டதில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே அடியில் ஒளிந்திருக்கும் சின்ன எஞ்சினைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹீல்ஸ்வில்லிலிருந்து மேரிஸ்வில் போகும் பிளாக் ஸ்பர் மலைப்பாதைதான் இதற்குச் சரியான இடம். இரண்டு பக்கமும் வானம் தெரியாத உயரத்துக்கு யூகலிப்டஸ், கீழே ஆள் உயரப் பெரணி. எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் மூக்கு லேசு, வளைவில் கார் தானாகவே உள்ளே சாய்கிறது. ஸ்டியரிங் நடுவில் மட்டும் கொஞ்சம் தளர்வு. 4000க்குக் கீழே இழுவை என்று எதுவும் இல்லை, மேட்டில் சிக்னலில் நின்றால் டெலிவரி வேன்கூட முந்திப் போகும். 4000 தாண்டினால் சத்தம் மாறும். 5000, 6000 என்று ஏறும்போது சிரமப்படுவதே தெரியாது, ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மஸ்டாக்காரர்கள் சிவப்புக் கோட்டருகே ஒரு பஸ்ஸர் வைத்தார்கள். அது கத்தவில்லையென்றால் காதுக்கு எதுவும் தெரியாது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று இரண்டு வெடி.

குறைகள்? 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடிக்கும், மலையில் இன்னும் கூட. சாதா 91 பெட்ரோல் போதும் என்பது ஒரு ஆறுதல். எக்ஸாஸ்ட் சூடு காலடிக்கே வரும், இங்கத்திய ஜனவரிக் கோடை வெயிலில் ஏசி தோற்றுவிடும். பார்க்கிங்கில் ஸ்டியரிங் திருப்பத் தோள் வலிக்கும். உள்ளே பிளாஸ்டிக் டேஷ்போர்டு வெடித்துவிட்டது, நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை. 2020ல் மஸ்டா பழைய ஆர்எக்ஸ்-7களுக்குப் பாகங்கள் திரும்பத் தயாரிக்க ஆரம்பித்தபோதும் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்குத்தான் செய்தது. மூத்த பிள்ளையை மறந்துவிட்டார்கள்.

வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. விற்பவர் வீட்டில் கார் முன்கூட்டியே சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஒருமுறை பஸ்ஸர் கத்தும்வரை போங்கள், விற்பவர் முகம் மாறினால் அவர் எப்படி ஓட்டினார் என்று தெரிந்துவிடும். பிறகு அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஏதாவது பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் உடனே பிடித்தால் எஞ்சினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஸ்டார்ட்டர் இழு இழு என்று இழுத்தால், காபி கொடுத்தாலும் குடிக்காமல் கிளம்பிவிடுங்கள். என் கார் போன சனிக்கிழமை இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. லாக்புக்கில் இந்த வருடத்துக்கு இன்னும் 38 நாள் பாக்கி.