செல் பிரிதல் செய்முறைக்கு மாணவர் நுண்ணோக்கி: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் ஆய்வகங்களுக்குப் பரவலாக வாங்கப்படும் கூட்டு நுண்ணோக்கியைப் பற்றியது இது. 10எக்ஸ் கண்ணருகு லென்ஸ், 4, 10, 40, 100 என நான்கு பொருளருகு லென்ஸ்கள், எல்இடி விளக்கு, ஒளியை ஸ்லைடின் மேல் குவிக்கும் கண்டென்சர், ஒளிக்கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் டயஃப்ரம் எல்லாம் அதில் இருக்கும். பல கல்வியாண்டுகளாக மாணவர் கைகளில் புழங்கிய கருவிகளை வைத்துச் சொல்கிறோம்: மைட்டாசிஸ் (ஒரு செல் ஒரே மாதிரியான இரண்டு செல்களாகப் பிரிவது) பார்க்க 40எக்ஸ் லென்ஸ் தாராளமாகப் போதும். "குரோமோசோம் தெரியவில்லை" என்ற புகார் எழுந்தால் முதலில் ஸ்லைடைப் பாருங்கள், அடுத்து டயஃப்ரத்தைப் பாருங்கள். லென்ஸைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

40எக்ஸ் லென்ஸின் உடலில் 0.65 என்றும் 160/0.17 என்றும் பொறித்திருக்கும். 0.65 என்பது எண் துளை, அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பைத் திரட்டும் என்பதைக் காட்டும் அளவு. பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளை அது பிரித்துக் காட்டும். வெங்காயக் குரோமோசோம்கள் இதைவிடப் பல மடங்கு நீளமானவை. நன்றாகப் பரவிய மெட்டாஃபேஸில் (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் நிலை) அவற்றின் கரங்களையே தனித்தனியாகப் பார்க்கலாம். 160 என்பது நுண்ணோக்கிக் குழாயின் நீளம், 0.17 என்பது கவர் ஸ்லிப்பின் தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில். மழைக்காலத்தில் டப்பாவில் இரண்டு கவர் ஸ்லிப்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல் வரும். அவற்றை அப்படியே வைத்தால் படம் புகைமூட்டமாகத்தான் தெரியும், எவ்வளவு திருகினாலும் தெளியாது.

100எக்ஸ் லென்ஸ் வகுப்பறையில் உதவியைவிடச் சேதத்தையே அதிகம் கொண்டுவருகிறது. அதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் விட்ட ஸ்லைடின் மேல் லென்ஸ் தலையைத் திருப்பினால் 40எக்ஸ் அந்த எண்ணெயில் தோய்ந்துபோகும். அதன்பின் அந்தக் கருவியில் பார்க்கும் எல்லாமே மங்கல்தான். 100எக்ஸைக் கழற்றித் தனி டப்பாவில் வைத்துவிட்டு, துளையை மூடியால் அடைத்துவிடுவது நல்லது. பாக்டீரியா பார்க்கும் நாளில் மட்டும் மாட்டினால் போதும். ஏற்கெனவே எண்ணெய் பட்டிருந்தால் லென்ஸ் தாளில் ஒரு சொட்டு சைலீன் தொட்டு ஒருமுறை துடைத்து, உலர்ந்த தாளால் உடனே ஒற்றி எடுங்கள்.

டயஃப்ரம்தான் அதிகம் தவறாகக் கையாளப்படும் பகுதி. வெளிச்சம் கண்ணைக் கூசினால் மாணவர்கள் அதையே மூடிவிடுகிறார்கள். வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் குமிழ் இருக்கிறது. டயஃப்ரத்தை அளவுக்கு மீறி மூடினால் ஒவ்வொரு விளிம்பையும் சுற்றி இரட்டைக் கோடுகள் தோன்றும், பிரித்தறியும் திறனும் இறங்கும். இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு "செல்லுக்கு இரண்டு உறை" என்று வரைந்த பதிவேடுகள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டு குழாய்க்குள் பாருங்கள். ஒளிவட்டத்தின் முக்கால் பங்கு திறந்திருக்கும்படி டயஃப்ரத்தை வையுங்கள். சாயமேற்றிய வேர்நுனிக்கு இது சரியான அளவு. சாயமில்லாத கன்னச் செல்லுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மூடலாம்.

இனி ஸ்லைடு. விளைவைத் தீர்மானிப்பது இதுதான்.

அறுவடையான உடனே வந்த வெங்காயம் உறக்க நிலையில் இருக்கும், வேர் விடாது. முளைப்பதைத் தடுக்கும் சிகிச்சை செய்த வெங்காயத்திலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். வீட்டில் சில வாரம் கிடந்த பழைய வெங்காயம் சிறந்தது. காய்ந்த பழைய வேர்களைச் சீவி, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் இரண்டு முதல் நான்கு நாளில் 1 முதல் 2 செ.மீ. வேர் வரும். சின்ன வெங்காயமும் சரிவரும். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 16தான்.

காலை 8 முதல் 10 மணிக்குள் வேர்நுனியை வெட்டி, ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு எத்தனாலும் கலந்த திரவத்தில் ஒரு நாள் வையுங்கள். இந்தக் கலவையை அன்றன்றே தயாரிக்க வேண்டும். நாள்பட்டால் அமிலமும் ஆல்கஹாலும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும், செல்கள் சரியாக நிலைப்படாது. பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

அடுத்து 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம். செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை இது தளர்த்துகிறது. பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டுச் சாயத்தைக் குறை சொல்கிறார்கள். நேரம் குறைந்தால் செல்கள் கட்டியாகவே நிற்கும்; மிகுந்தால் வேர் கூழாகி, சாயமும் வெளிறும். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது.

நன்றாகக் கழுவிய வேரின் கடைசி 2 மி.மீ. மட்டும் போதும். நுனி மற்ற இடத்தைவிட வெளேரென்று அடர்த்தியாகத் தெரியும், அதுதான் பிரியும் பகுதி. 45 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் 1 விழுக்காடு கார்மைன் காய்ச்சி வடிகட்டிய அசிட்டோகார்மைனில் அதை ஊறவைத்து, மெல்லச் சூடுகாட்டுங்கள். கொதிக்கவே விடக் கூடாது. இரும்பு ஊசியால் சாயத்துளியைக் கிளறினால் நிறம் அடர்த்தியாகும், காரணம் அதில் கரையும் சிறிதளவு இரும்பு. கவர் ஸ்லிப் வைத்து, வடிதாளை மடித்து மேலே போட்டு, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் பக்கவாட்டில் சற்றே நகர்ந்தாலும் செல்கள் சுருண்டுவிடும்.

இப்படி அழுத்திச் செல்களைப் பரப்புவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று பல்லாண்டுகளாக நம்பப்பட்டது. ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இரு விஞ்ஞானிகள் 1956இல் 46 என்று நிறுவியபோது, செல்களை உப்படர்த்தி குறைந்த திரவத்தில் உப்பவைத்து, நன்றாக நசுக்கிப் பரப்பிய ஸ்லைடுகள்தான் அவர்களுக்குக் கைகொடுத்தன. லெவான் அதற்கு முன்பே வெங்காய வேரில் பல ஆண்டுகள் உழைத்தவர்.

16ஐயும் எண்ணிக் காட்ட வேண்டுமானால், வெட்டுவதற்கு முன் வேரை ஒரு நாள் பனிக்கட்டி நீரில் வையுங்கள். குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்க்கோல் இழைகள் கலைந்து குரோமோசோம்கள் சுருங்கிப் பிரிந்து நிற்கும். இதே வேலையைச் செய்யும் நச்சு வேதிப்பொருளான கோல்ச்சிசின் பள்ளியில் தேவையே இல்லை. ஆனால் கதிர்க்கோல் இல்லாவிட்டால் அனாஃபேஸ் (குரோமோசோம்கள் இரு முனைகளுக்கும் விலகும் நிலை) கிடைக்காது. ஆகவே நிலைகளைக் காட்ட ஒரு தொகுதி, எண்ணுவதற்கு ஒரு தொகுதி என இரண்டாக வைத்துக்கொள்வதே வழி.

மியாசிஸுக்கு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிதல்) வெங்காயப் பூமொட்டுதான் முதல் தேர்வு. எட்டு இணைகள் ஒழுங்காக வரும். தொட்டியில் எளிதில் வளரும் ரியோ செடியை இலைத்தோல் பிளாஸ்மோலைசிஸுக்கு (செல் நீரிழந்து உள்ளே சுருங்குவது) வைத்துக்கொள்ளுங்கள். அதன் மியாசிஸில் 12 குரோமோசோம்களும், துண்டுகள் தங்களுக்குள் இடமாறியிருப்பதால், வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்துக்கொள்ளும். மரபியல் கொஞ்சம் பிடிபட்ட மாணவருக்கு அது அருமையான காட்சி, முதல்முறை பார்ப்பவருக்குக் குழப்பம்.

அளவெடுக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். கண்ணருகு லென்ஸின் புல எண் (அதில் தெரியும் வட்டத்தின் அளவு, மி.மீ.இல்) 18 என்றால் 40எக்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 18ஐ 40ஆல் வகுத்த 0.45 மி.மீ. அதில் குறுக்கே எட்டுக் கன்னச் செல்கள் அடங்கினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 56 மைக்ரோமீட்டர்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, முதலில் போவது மேடையின் பூச்சு. கவர் ஸ்லிப் ஓரத்தில் வழியும் சாயத்தின் அசிட்டிக் அமிலம் அதை அரிக்கும், கண்டென்சரின் மேல் லென்ஸிலும் சொட்டும். ஓரத்தை வடிதாளால் ஒற்றாமல் எந்த ஸ்லைடையும் மேடையில் ஏற்றவிடாதீர்கள். மேடை தானாக இறங்கினால் குமிழருகே உள்ள இறுக்க வளையத்தைச் சற்றே திருகினால் சரியாகிவிடும், பழுதுபார்ப்பவர் தேவையில்லை.

பெரிய எதிரி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரப்பெட்டிக்குள் பூட்டிய கருவியில் அது நிச்சயம் வரும், ஏனென்றால் மரமே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடுங்கள். லென்ஸின் உள்பக்கம் பூஞ்சை இழை படர்ந்துவிட்டால் பிரித்துத் துடைக்க முயலாதீர்கள். மறுபடி பொருத்தும்போது மையம் தவறும். மாற்று லென்ஸ் வாங்குங்கள். ஆர்எம்எஸ் என்ற பொதுத்தர மரையும் 160 என்ற குழாய் நீளமும் இருந்தால் வேறு தயாரிப்பாளரின் லென்ஸும் பொருந்தும். 160 இருக்க வேண்டிய இடத்தில் முடிவிலிக் குறி பொறித்த லென்ஸ் மட்டும் இந்தக் கருவிக்கு ஆகாது.