ஷட்டர் மாத்தி வந்த கேமராவும் எலக்ட்ரானிக் ஷட்டரும்: சாப்பாடு, விளையாட்டு ரெண்டும் எடுக்குறவனோட அனுபவம்

கேமரா சர்வீஸ்ல இருந்து திரும்பி வந்துடுச்சு, ஷட்டர் யூனிட்டையே மொத்தமா மாத்திட்டாங்க. அது வந்த நேரம் பார்த்து இந்த மாடல் விலை இறங்கியிருக்கு போல, ஒரு ஃப்ரெண்டு கேட்டான், "எலக்ட்ரானிக் ஷட்டர்ல செகண்டுக்கு 30 ஃப்ரேம் வருதுல்ல, அப்புறம் எதுக்குடா மெக்கானிக்கலைப் போட்டு தேய்ச்ச? நானும் இதையே வாங்கிடலாமா?"ன்னு. மெக்கானிக்கல்னா சென்சாருக்கு முன்னாடி நிஜமாவே ஒரு திரை ஓடித் திறந்து மூடுறது, எலக்ட்ரானிக்னா திரை ஓடாம சென்சாரே படத்தைப் படிச்சு எடுக்குறது. கேள்வி ஒரு வரிதான், ஆனா பதில் ஒரு வரியில வராது, அதான் எழுதுறேன். மாடல் பேரு சொல்லல, ஏன்னா நான் சொல்லப்போற விஷயம் ஸ்டாக்டு சென்சார் (படத்தை ரொம்ப வேகமா படிக்கிற, விலை கூடின சென்சார்) இல்லாத, நடுத்தர விலை மிரர்லெஸ் பாடி (லென்ஸ் தனியா மாட்டுற கேமரா) நிறையத்துக்குப் பொருந்தும். 24 மெகாபிக்ஸல், ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்), மெக்கானிக்கல்ல செகண்டுக்கு 15 ஃப்ரேம், எலக்ட்ரானிக்ல 30.

நான் எடுக்குறது ரெண்டே விஷயம். வீட்டுல ஜன்னல் பக்கத்துல மேஜை போட்டு சாப்பாடு, வெளிய போனா விளையாட்டு, அதுலயும் முக்காவாசி இண்டோர் ஹால்ல பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையேன்னு நினைப்பீங்க. ஷட்டர் விஷயத்துல ரெண்டும் நேரெதிர், அதனாலதான் இந்த கேமராவோட நல்லது கெட்டது ரெண்டும் எனக்கு நல்லா தெரிஞ்சுது.

ஷட்டர் எப்படி போச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன். மேட்ச் எடுக்குறவங்களுக்கு இது புதுசில்ல. இந்த ரக பாடிக்கு ஷட்டர் ஆயுசு 1 லட்சம் க்ளிக், நல்ல பாடின்னா 2 லட்சம்னு பொதுவா சொல்லுவாங்க. 15 ஃப்ரேம்ல மூணு செகண்ட் அழுத்தினாலே 45 க்ளிக், ஒரு மேட்சுக்கு 2,000 ஃப்ரேம்னு வெச்சா 50 மேட்ச்ல 1 லட்சம் முடிஞ்சுது. சாப்பாடு மட்டும் எடுக்குறவனுக்கு அதே ஷட்டர் பல வருஷம் ஓடும். எனக்கு எர்ரர் அப்பப்ப வர ஆரம்பிச்சுது, சர்வீஸ்ல காட்டினப்ப பார்ட் வர்ற வரைக்கும் மெக்கானிக்கலைத் தொடாதீங்க, எலக்ட்ரானிக்லயே எடுங்கன்னு சொன்னாங்க. சரி, பெட்டியில பெரிய எழுத்துல போட்டு விக்கிறதே அந்த 30 ஃப்ரேமை வெச்சுத்தானே, அதுலயே எடுப்போம்னு எடுத்தேன். அந்த இடைப்பட்ட காலம்தான் இந்தப் பதிவு.

சாப்பாட்டுல ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்க மனசார பாராட்டணும். ட்ரைபாட்ல கேமராவை மேல இருந்து கீழ பார்க்க மாட்டி, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, சென்சாரோட வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், எதிர்பக்கம் வெள்ளை அட்டை, ஷட்டர் 1/15, 1/8 செகண்டுன்னு போகும். அந்த ஸ்பீடுலதான் மெக்கானிக்கல் ஷட்டரோட அதிர்வு லேசா தெரியும், குறிப்பா நீளமான ஆர்ம்ல தொங்குற கேமராவுக்கு. எலக்ட்ரானிக்ல அசையுற பாகமே இல்ல, அதிர்வு பூஜ்யம். ஜூம் பண்ணி பார்த்தா ரொட்டி மேல இருக்குற எள்ளு ஒவ்வொண்ணும் தனியா தெரியுது. சத்தமும் இல்ல, அதனால நாலு பேர் உக்காந்து சாப்பிடுற இடத்துல எடுத்தாலும் யாரும் திரும்பிப் பாக்குறதில்ல, அவங்க பேச்சும் நிக்குறதில்ல, கையும் தட்டும் இயல்பா இருக்குற ஃப்ரேம் கிடைக்குது. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

அதைவிட பெருசு ப்ரீ-கேப்ச்சர். பட்டனை பாதி அழுத்தி வெச்சிருந்தா கேமரா பாட்டுக்கு எடுத்து எடுத்து தள்ளிட்டே இருக்கும், முழுசா அழுத்துற நொடிக்கு அரை செகண்ட் முன்னாடி வரைக்கும் இருக்குறதை சேர்த்து சேவ் பண்ணும். அரை செகண்டுன்னா 15 ஃப்ரேம். மனுஷன் கண்ணு பார்த்து விரல் அழுத்த சாதாரணமா கால் செகண்டாவது ஆகும், அந்த இடைவெளியை இது அப்படியே மூடிடுது. முட்டையோட மஞ்சள் கரு உடைஞ்சு வழிய ஆரம்பிக்கிற அந்த முதல் கணம், மேல இருந்து தூவின சர்க்கரைப் பொடி கேக்கைத் தொடுறதுக்கு முன்னாடி காத்துல நிக்கிறது, இதெல்லாம் முன்னாடி அதிர்ஷ்டம் இருந்தா கிடைக்கும், இப்ப கேட்டா கிடைக்கும். வெளி கிரவுண்டுல பகல் வெளிச்சத்துல நீளம் தாண்டுறவங்களை எடுத்தப்பவும் அப்படித்தான், பலகையில கால் வைக்கிற ஃப்ரேம் சொல்லி வெச்ச மாதிரி வந்துச்சு. இந்த ஒரு வசதிக்காகவே இந்த கேமராவைக் கட்டிப்பிடிச்சுக்கலாம்னு தோணின நாட்கள் உண்டு.

இப்ப ஹாலுக்குள்ள வாங்க.

கரண்ட்ல ஓடுற லைட் நிறைய, கண்ணுக்குத் தெரியாம மின்னிட்டே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்குற இடத்துல செகண்டுக்கு 100 தடவை, 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவை கூடிக் குறையும். இந்த மாதிரி சாதா சென்சார் எலக்ட்ரானிக் ஷட்டர்ல மொத்த படத்தையும் ஒரே நேரத்துல எடுக்காது, ஜெராக்ஸ் மிஷின்ல லைட் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு ஓடுற மாதிரி மேல இருந்து கீழ வரி வரியா படிக்கும். நீங்க ஷட்டர் 1/1000 வெச்சாலும் அது ஒவ்வொரு வரிக்கும்தான் 1/1000, மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவுல நிறைய நேரம் ஓடிடும். எவ்வளவு நேரம்னு நீங்களே அளக்கலாம், அந்த லைட்டுக்குக் கீழ ஒரு வெள்ளைச் சுவரை 1/1000ல எடுங்க, குறுக்கே இருட்டுப் பட்டை எத்தனைன்னு எண்ணுங்க, ஒரு பட்டைக்கு 1/100 செகண்ட். என் பாடியில மூணு பட்டை, அப்ப ஏறக்குறைய 1/33 செகண்ட். விளையாட்டுக்கு 1/33 செகண்டுங்கிறது ஒரு யுகம்.

அந்த மூணு பட்டை ஆட்டக்காரர் மூஞ்சி மேல ஒண்ணு, வெள்ளை ஜெர்சி மேல ஒண்ணு, தரை மேல ஒண்ணுன்னு விழும். அடுத்த ஃப்ரேம்ல கொஞ்சம் நகர்ந்திருக்கும். எடிட்டிங்ல சரி பண்ணலாமேன்னு சொல்றவங்க ஒரு தடவை பண்ணிப் பாருங்க, இருட்டு மட்டும் இல்ல, கலரும் பட்டைக்குப் பட்டை மாறும், பழைய ட்யூப் லைட், மெர்க்குரி லைட் இருக்குற ஹால்ல இன்னும் மோசம். கண்ணு கோபத்தைக் காட்டுற, முகம் முழுக்க உணர்ச்சி இருக்குற ஒரு படம், ஃபோகஸ் கண்ணு மேல ஊசி மாதிரி குத்தி நிக்குது, ஆனா நெத்திக்குக் குறுக்கே பழுப்பா ஒரு பட்டை. அதைப் பார்க்கும்போது வர்ற எரிச்சலை என்னால எழுத்துல கொண்டு வர முடியல.

சரி 1/100 வெச்சா பட்டை போகும், உண்மைதான், ஒவ்வொரு வரியும் லைட்டோட ஒரு முழு சுத்தையும் வாங்கிக்கும். சாப்பாட்டுக்கு நான் அதைத்தான் பண்றேன், ராத்திரி எல்ஈடி பல்புல எடுக்கணும்னா 1/100 இல்ல 1/50, 60 ஹெர்ட்ஸ் இடத்துல இருக்குறவங்க 1/125 இல்ல 1/60, சுத்தமா வரும். சூப் கிண்ணம் எங்கயும் ஓடாது. ஆட்டக்காரர் ஓடுவாரே, 1/100ல கை, கால், ராக்கெட் எல்லாம் கலங்கின புகை.

அடுத்தது வளைவு, அதாவது வரி வரியா படிக்கிறதால வேகமா போற பொருள் படத்துல வளைஞ்சு தெரியுறது. கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்மாஷ்ல ராக்கெட் தலை செகண்டுக்கு 40 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்குவோம், படத்தோட உயரத்துல மூணுல ஒரு பங்கை ராக்கெட்டும் கையும் பிடிச்சிருக்குன்னு வெச்சுக்குவோம். அந்த ஒரு பங்கைப் படிக்க 1/100 செகண்ட், அதுக்குள்ள ராக்கெட் தலை 40 சென்டிமீட்டர் நகர்ந்துடும். 1/2000 வெச்சதால கலங்கல் வெறும் 2 சென்டிமீட்டர்தான், அதனால படம் கூர்மையா இருக்கும், ஆனா கூர்மையா வளைஞ்சிருக்கும். பந்து நீள்வட்டமாகும். ஆளோட சேர்ந்து கேமராவைத் திருப்பினா பின்னாடி நிக்கிற நெட் போஸ்ட் சாயும். இது ஷட்டர் ஸ்பீடைக் கூட்டி தீர்க்குற பிரச்சினை இல்ல, இதைத்தான் அந்த ஃப்ரெண்டுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறல.

சாப்பாடும் முழுசா தப்பிக்கல. பால் ஊத்துறதை எடுத்தேன், 20 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விழுற துளி கீழ வரும்போது செகண்டுக்கு 2 மீட்டர் வேகம் பிடிச்சிருக்கும், கேமரா படிக்கிறதும் மேல இருந்து கீழதான், ரெண்டும் ஒரே திசை, அதனால துளி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நீளமா வந்துச்சு. பாக்குற யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கதான், எனக்குத் தெரியும்ல. இதுக்கு சரியான வழி ஃப்ளாஷ், பவரை நல்லா குறைச்சு வெச்சா அதோட வெளிச்சம் 1/10000 செகண்டுக்கும் கம்மியா முடிஞ்சுடும், துளி அந்தரத்துல உறைஞ்சு நிக்கும். என் பாடியில எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா ஃப்ளாஷ் அடிக்கவே அடிக்காது. அப்ப மறுபடியும் மெக்கானிக்கல்.

மெக்கானிக்கல் ஷட்டர் ஏன் தப்பிக்குதுன்னா, இந்த பாடியில ஃப்ளாஷ் சிங்க் (ஃப்ளாஷ் போட்டு எடுக்க முடியுற அதிகபட்ச ஷட்டர் ஸ்பீடு) 1/250, அப்படின்னா திரை மேல இருந்து கீழ ஓட 4 மில்லி செகண்டுக்குள்ளதான் ஆகும். லைட் ஒரு தடவை கூடிக் குறைய 10 மில்லி செகண்ட், அதுல பாதிக்கும் கம்மியான நேரத்துல படம் முடிஞ்சுடுது. அதுக்கு மேல ஆன்டி-ஃப்ளிக்கர்னு ஒரு ஆப்ஷன், லைட் உச்சத்துல இருக்குற கணத்துக்குக் காத்திருந்து திரையைத் திறக்கும். ஃப்ரேம் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல, 2,000 படமும் ஒரே வெளிச்சம், ஒரே கலர். இது அருமையான வேலை, யோசிச்சுப் பண்ணவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா என் பாடியில இது மெக்கானிக்கலுக்கு மட்டும்தான். ப்ரீ-கேப்ச்சர் எலக்ட்ரானிக்குக்கு மட்டும்தான். எனக்கு எங்க ப்ரீ-கேப்ச்சர் அதிகமா தேவைப்படுதோ அந்த ஹாலுக்குள்ள ரெண்டையும் சேர்த்து வெச்சுக்க வழியே இல்ல. இந்த ஒரு விஷயம்தான் இத்தனை மாசமா என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. ஆட்டோஃபோகஸ் நல்லா இருக்கு, பேட்டரி பரவாயில்ல, க்ரிப் கைக்கு அம்சமா இருக்கு, அதெல்லாம் நினைவுக்கே வர மாட்டேங்குது.

நியாயமா பேசணும்னா, இதுக்குத் தீர்வு உலகத்துல இல்லாம இல்ல. 2017ல சோனி ஏ9 ஸ்டாக்டு சென்சாரோட வந்துச்சு, படிக்கிற வேகம் பல மடங்கு. 2021ல நிக்கான் இசட்9 மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாம வந்துச்சு, அதோட சென்சார் 4 மில்லி செகண்டுக்குள்ள மொத்தத்தையும் படிச்சுடும், மெக்கானிக்கல் திரை ஓடுற வேகம்தான் அது. 2023ல அறிவிச்ச சோனி ஏ9 III குளோபல் ஷட்டர், எல்லா வரியும் ஒரே கணத்துல, வளைவுங்கிற பேச்சே கிடையாது. அதெல்லாம் தொழில்முறை ஆளுங்களுக்கான விலை. பொழுதுபோக்குக்கு எடுக்குறவன் அந்த விலை குடுக்க முடியாதுன்னுதானே இதை வாங்குறான், அதனால நடுத்தர பாடியில அந்த வேகம் இல்லன்னு நான் கோபப்படல. என் கோபம் வேற. 30 ஃப்ரேம்னு பெட்டி மேல போட்டு, பக்கத்துலயே விளையாட்டு வீரர் படத்தையும் போடுறாங்க பாருங்க, அது. அந்த 30, பகல் வெளிச்சத்துல, குறுக்க வேகமா எதுவும் போகாதப்ப மட்டும்தான் 30. அதை ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சுடும்?

ஷட்டர் மாத்தி வந்ததும் நான் முதல்ல பண்ணது, மோட் டயல்ல சி1ல சாப்பாட்டுக்கு எலக்ட்ரானிக், ப்ரீ-கேப்ச்சரோட, சி2ல ஹாலுக்கு மெக்கானிக்கல், 1/1000, எஃப் 1.8, ஆன்டி-ஃப்ளிக்கரோட சேவ் பண்ணி வெச்சதுதான். மெனுவுக்குள்ள போய் ஷட்டர் வகையை மாத்திட்டு இருந்தா மேட்ச் முடிஞ்சுடும். வெளி கிரவுண்டுல பகல்ல மறுபடி சி1 எடுத்து ஸ்பீடை மட்டும் ஏத்திக்கிறேன். ஹால்ல பர்ஸ்ட்டையும் (பட்டனை அழுத்திப் பிடிச்சு தொடர்ந்து எடுக்குறது) மூணு செகண்ட் அழுத்தாம சின்னச் சின்னதா அழுத்துறேன், புது ஷட்டர் இல்லையா.

ஃப்ரெண்டுக்கு என் பதில்: வாங்காதடா. நீ எடுக்கப்போறது உன் பொண்ணு ஆடுற டேபிள் டென்னிஸ், அது நடக்கிறது ஹால்ல, நீ ஆசைப்படுறது அந்த 30 ஃப்ரேமுக்கு, அது உனக்குக் கிடைக்காது. விலை இறங்கினதைப் பார்த்து மயங்காத, கொஞ்சம் பொறுத்து செகண்ட் ஹேண்ட்ல பழைய ஸ்டாக்டு பாடி ஏதாவது பாரு, முடியலன்னா உன்கிட்ட இருக்குறதையே வெச்சுக்கிட்டு வெளிச்சம் நிறைய உள்ள விடுற எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு வாங்கு. நான் மட்டும் ஏன் வெச்சிருக்கேன்னு கேப்ப, நான் இதை விக்கிறதா இல்ல, அந்த மஞ்சள் கரு உடையிற ஃப்ரேமை எனக்கு வேற எந்த கேமராவும் இதுவரைக்கும் குடுத்ததில்ல. ஹாலை விட்டுட்டு கிரவுண்டுக்கு மாறப்போறேன்னு நீ சொன்னா அப்ப வா, என்னோடதையே ஒரு நாள் குடுக்குறேன், எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணு.