கிளவுஸ் போட்ட கையா, வெறுங்கையா?

ரொம்ப முடியாம படுத்திருக்கறவங்க கையைப் பிடிக்க கிளவுஸ் வேணுமான்னு நிறைய பேருக்குக் குழப்பம். ரத்தம், புண்ணு, மலம் மூத்திரம் படுற வேலைன்னா கிளவுஸ்தான், அதுல பேச்சே இல்ல, தொத்து பரவாம இருக்க தனியா வச்சிருந்தா (ஐசோலேஷன்) நர்ஸ் சொல்றபடி. ஆனா ஆறுதலுக்கு கையைப் பிடிக்க, நெத்தியத் தடவ, தோல் நல்லா இருந்தா வெறுங்கையே போதும், தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கை கழுவிட்டா சரி. ரப்பர்ல கைச்சூடு சரியா தெரியாது, அதோட நம்மளத் தொடவே பயப்படுறாங்கன்னு அவங்களுக்குத் தோணிடும். 1987ல லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரில பிரிட்டன் இளவரசி டயானா எய்ட்ஸ் நோயாளிக்கு கிளவுஸ் இல்லாம கைகுடுத்தது அவ்ளோ பேசப்பட்டதே இதனாலதான். முன்கையை மெதுவா, செகண்டுக்கு சில சென்டிமீட்டர் வேகத்துல தடவுங்க, அதுக்குன்னே தோல்ல நரம்பு இருக்கு, பரபரன்னு தேய்ச்சா அந்த சுகம் வராது. என் ஓட்டு வெறுங்கைக்கு, ஆனா தொடலாமான்னு முதல்ல கேட்டுக்கோங்க, சிலருக்குப் பிடிக்காது.